மாவுக்கட்டுக் காலம்

ஜனவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

தவளை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். இந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை விட்ட பிறகும் அப்பா விடிவதற்குள் எழுந்து சாவியைத் தேடுகிறாரா?

குட்டிக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. நாள் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் கட்டுகிறவளுக்கு இந்த இரண்டு பல்லைப் பார்த்து மட்டும் அலுக்கவே மாட்டேன் என்கிறது.

நேற்று லேபில் ஒரு பெரியவரின் தாடை அச்சுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்டதும் அந்த மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்திருந்தபோது அந்தச் சூடு ஏறியது. சின்ன வயதில் எனக்கு மாவுக்கட்டு போட்டார்களே, அப்போதும் இப்படித்தான் சுட்டிருக்குமா என்று நினைத்தேன். எனக்கு எதுவுமே ஞாபகமில்லை. நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த இரண்டு மூன்று கதைதான் தெரியும். இடுப்பிலிருக்கும் தழும்பு என்னுடையது, அதன் கதை மட்டும் உங்களிடம் இருக்கிறது.

நேரம் கிடைக்கும்போது ஆரம்பத்திலிருந்து எழுதேன். கீழ் வீட்டு போனில் இதையெல்லாம் பேச முடியாது. அந்த வீட்டு அம்மா காதை நம் பக்கமே திருப்பி வைத்திருப்பாள்.

உன் மாப்பிள்ளை உங்கள் இருவரையும் விசாரித்தார். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

உன் தவளை

*

ஜனவரி 24

என் தவளைக்கு,

அம்மா எழுதுவது. எல்லாரும் நலம் என்று படித்த பிறகுதான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன். முழங்கால் மாடி ஏறும்போது முணுமுணுக்கிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. அப்பா இப்போதெல்லாம் சாவியைத் தேடுவதில்லை. டீ போட என்னைத் தேடுகிறார்.

ஆரம்பம் என்றால் எங்கிருந்து சொல்ல? ஒன்றரை வயது வரை நீ நடக்கவில்லை. வீட்டுக்காரம்மா, "சில பிள்ளைங்க சோம்பேறியா இருக்கும், விடு" என்றாள். பிறகு நடந்தாய். இடது காலை வைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தாய். எல்லாரும் வாத்து நடை என்று ரசித்தார்கள். நான் மட்டும் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

உயரமான ஒரு பெண் டாக்டர். உன்னைப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கி நிறுத்தினார். ஒன்று தாழ்ந்து நின்றது. என் பக்கம் திரும்பிச் சொன்னார். "தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும். இடுப்புல ஒரு கிண்ணம் இருக்கு, அதுல உட்காரணும். இவளுக்குப் பிறந்ததிலிருந்தே சரியா உட்காரலை."

"நான் எங்கேயாவது கீழ போட்டுட்டேனா டாக்டர்?"

"யாரும் போடலைம்மா. சில குடும்பத்துல இது வரும். பெண் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம்."

ஆபரேஷன் முடிந்து உன்னைக் கொண்டுவந்தபோது மார்புக்குக் கீழேயிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. இரண்டு காலும் அகல விரிந்து, மடங்கி, அப்படியே இறுகியிருந்தன. நான் அப்போது தியேட்டரில் டிக்கெட் கவுன்டரில் இருந்தேன். உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. கவுன்டருக்குள் பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். படம் ஓட்டுகிற ஆபரேட்டர்தான் உன்னைப் பார்த்து, "என்னம்மா, தவளையைத் தூக்கிட்டு வந்திருக்கே?" என்று கேட்டுக்கொண்டே மேலே தூக்கிப் போனார். அன்றைக்கு வைத்த பேர்தான்.

புரொஜெக்டர் அறையில் பிலிம் பெட்டிகளை அடுக்கி, மேலே கம்பளியை விரித்து உன்னைப் படுக்கவைப்பார். அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் படம் பார்ப்பாய். ஒரே படம் வாரக்கணக்கில் ஓடும். படத்தில் சாவுச் செய்தியோடு தந்திக்காரன் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே நீ உதட்டைப் பிதுக்க ஆரம்பித்துவிடுவாய். "உன் பொண்ணு கதையை முன்கூட்டியே சொல்லிடறா" என்பார் ஆபரேட்டர்.

குட்டியின் முழுப் படம் ஒன்று அனுப்பு. நீ அனுப்புவதிலெல்லாம் முகம்தான் இருக்கிறது. கால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைக்கு ஒரு முத்தம்.

அம்மா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மாப்பிள்ளை என்னை மூன்று நாளாகத் தந்திக்காரி என்று கூப்பிடுகிறார். அப்பாவின் இருமல் குறைந்ததா?

இன்னும் எழுது. குளிப்பாட்டாமல் எப்படிச் சமாளித்தாய்? கட்டு நனையாமல் மூத்திரத் துணியை எப்படி வைத்தாய், முன்பக்கமிருந்து சொருகினாயா, பின்பக்கமிருந்தா? கால் இரண்டும் அப்படி விரிந்திருந்தால் என்ன உடுத்திவிட்டாய்? கவிழ்த்துப் போட்டுத் தூங்கவைத்தாயா? உள்ளே அரித்தால் என்ன செய்தாய்? சும்மாதான் கேட்கிறேன். லேபில் கை வேலை செய்யும்போது மனசு எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்கிறது.

காமிரா ரிப்பேர். சரியானதும் படம் அனுப்புகிறேன். குட்டி நலம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தவளை

*

பிப்ரவரி 20

என் தவளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் இருமல் போய்விட்டது. இப்போது தும்முகிறார், பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். துணியைப் பின்பக்கமிருந்துதான் சொருக வேண்டும். மாவுக்கட்டிலேயே அதற்காக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். சின்னதாக மடித்த துணி ஒன்று உள்ளே, அதை அழுத்திப் பிடிக்கப் பெரியது ஒன்று வெளியே. திறப்பின் ஓரம் முழுக்க பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டிவிட்டேன். அதற்கே ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் வீடு என்ன வாசனை என்று கேட்காதே. அடிக்கடி மாற்ற வேண்டும். நனைகிற வரைக்கும் காத்திருந்தால் தீர்ந்தோம்.

குளியல் கிடையாது. ஈரத் துணியால் முகம், கை, கழுத்து, கால் விரல்கள். தலையை மட்டும் பேசினில் தொங்கவைத்து நான் பிடித்துக்கொள்ள, அப்பா அலசுவார். பவுடர் போடவே கூடாது, உள்ளே போய்க் கட்டியாகிவிடும். அரித்தால் மார்புப் பக்கத்து விளிம்பு வழியாக விசிறியால் உள்ளே காற்று விட்டேன். உடுப்புக்கு என் பழைய பாவாடைகளைப் பிரித்து, பக்கவாட்டில் பொத்தான் வைத்துத் தைத்தேன். கவிழ்த்துப் போடும்போது மார்புக்குக் கீழே ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. கட்டின் விளிம்பு தோலை அறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் விரல்கள் சூடாக, சிவப்பாக இருக்கின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும்.

அப்பா ஒரு பலகைக்குச் சக்கரம் வைத்துக்கொடுத்தார். அதில் கவிழ்ந்து படுத்துக் கையால் தரையைத் தள்ளித் தள்ளி வீடு முழுக்க ஓடுவாய். நடக்கிற பிள்ளைகளைவிட வேகம். வீட்டுக்காரம்மா காலை இரண்டு தடவை இடித்திருக்கிறாய். எனக்கு வருத்தமே இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கிழித்த டிக்கெட் துண்டுகள் கொட்டின. ஆபரேட்டர் விளையாடக் கொடுத்ததையெல்லாம் நீ மார்புப் பக்கம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாய். கட்டை வெட்டியவர், "இவ எத்தனை படம் பார்த்தா?" என்று கேட்டார்.

குட்டி நலம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். பரவாயில்லை. நீயும் நன்றாகத் தூங்கு.

அம்மா

*

மார்ச் 6

அம்மா,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நிறைய எழுத நேரமில்லை. இரண்டு கேள்விதான். அப்போது நான் அழுதேனா? நீ அழுதாயா?

இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று நீயும் அப்பாவும் எப்படி முடிவெடுத்தீர்கள்? மழைக்காலத்தில் எனக்கு இன்னும் இழுக்கிறது. கால் இன்னும் கொஞ்சம் குட்டைதான். இதைப் பார்க்கும்போது, செய்யாமலே விட்டிருக்கலாமோ என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

தவளை

*

மார்ச் 15

என் கண்ணுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தை நான் ஒரு தடவை, அப்பா ஒரு தடவை, பிறகு சேர்ந்து ஒரு தடவை படித்தோம்.

நீ அழுதாய். முதல் சில நாள் ஓயாமல் அழுதாய். பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டு என்னை யாரோ போலப் பார்த்தாய். அழுததைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் ஆபரேட்டர் மூக்கில் பென்சிலை நிறுத்திக் காட்டினார், சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சாதாரணமாகிவிட்டாய். கட்டு உன் உடம்பு மாதிரியே ஆகிவிட்டது. யாராவது அதைத் தட்டினால் "வலிக்குது" என்று ஏமாற்றுவாய்.

நான் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சோகப் படம். அழுத கண்ணோடு வெளியே வருகிற கூட்டத்துக்கு நடுவில் என்னை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம்.

இனி முடிவெடுத்த கதை. உன் அப்பா மறுத்துவிட்டார். "நடக்கிறாளே, அது போதாதா? பிள்ளையை அறுக்கக் கொடுக்க மாட்டேன்" என்றார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கடைசியில் பேச்சே நின்றுபோனது. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸில் உன்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஓரமாக நிறுத்திவிட்டு, நீ பஸ்ஸுக்குள் நடப்பதைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் வந்திருக்கிறாய். சீட்டுகள் முடிந்த இடத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. அவருக்கும் உனக்கும் நடுவே வெறும் தரைதான். நீ அங்கேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "டாக்டரை எப்பப் பார்க்கலாம்?" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

செய்தது சரியா என்று கேட்டாய். செய்யாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்தவள் நீதான். மழையில் காலை இழுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி, ஏறிய பிறகு "எல்லாரும் தள்ளி நில்லுங்க, எனக்கு ஒரு கால் இடம் கூடுதலா வேணும்" என்று சண்டை போடுகிறவள். உனக்கு வலிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த நிமிடம் நீ படியேறி வருகிற சத்தம் கேட்கும். அத்தோடு அது போய்விடும்.

இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுது.

அம்மா

*

ஏப்ரல் 12

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கீழ் வீட்டுக்கு போன் செய்தோம். நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள் அந்த அம்மா. எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

இங்கே இருவரும் சுகம். என் முழங்கால் ஆச்சரியமாகத் தேறிவிட்டது, நான்கு மாடிகூட ஏறுவேன். அப்பா ரயில் நேரமெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். சும்மாதான். ஓய்வு பெற்றவருக்கு வேறென்ன வேலை? பழைய பாவாடைகள் பெட்டி நிறையக் கிடக்கின்றன. பக்கவாட்டில் பொத்தான் வைத்து நாலைந்து தைத்து வைத்தேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. யாருக்காவது உதவும்.

உங்களுக்கு ஒரு கை கூடுதலாக வேண்டுமென்றால் எங்களிடம் நான்கு இருக்கிறது.

மாப்பிள்ளையை விசாரித்தேன்.

அம்மா

*

ஏப்ரல் 20

அம்மா,

குட்டிக்கும் அதேதான். இடது பக்கம்.

மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. தோளிலிருந்து பாதம் வரை வார் போட்டுக் காலை மடக்கி வைத்தார்கள். நான் அனுப்பிய படங்களில் முகம் மட்டும் இருந்ததற்கு அதுதான் காரணம். காமிராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலும்பு உட்கார்ந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். உட்காரவில்லை. வாரைக் கழற்றிவிட்டு, ஆபரேஷனும் மாவுக்கட்டும்தான் வழி என்றார்கள். மார்ச்சில் தேதி கொடுத்தார்கள். அன்றைக்குக் காலையில் அவளுக்குச் சட்டை போட்டுவிட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மாப்பிள்ளை, "போலாமா?" என்றார். "எனக்குச் செஞ்சதையே இவளுக்கும் செய்யச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று நாங்கள் போகவில்லை.

உன்னிடம் மறைத்தது உன் முழங்காலுக்காக இல்லை. நான் இவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது நீ என் இடுப்பைத் தடவி, "இது உன்னோட நிக்கட்டும்" என்றாய். அதை நினைத்துத்தான் எழுத முடியவில்லை. உன்னிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து இவளுக்கும் வந்தது என்று நீ ஒவ்வொரு நாளும் நினைப்பாய் என்று பயந்தேன்.

அப்பாவும் காலி பஸ்ஸும் வருகிற உன் கடிதத்தை உன் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். அவர், "உங்கப்பாவுக்கு ஒரு மத்தியானம் போதுமா இருந்திருக்கு. நமக்கு ஒரு மாசம் ஆகுது, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கும் மனசு திரும்பியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசினோம். மே முதல் வாரம்.

வா, அம்மா.

தவளை

*

ஏப்ரல் 25

என் கண்ணுக்கு,

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இருவரும் வருகிறோம்.

துணியை முன்பக்கமிருந்து சொருகுவதா பின்பக்கமிருந்தா என்று ஞாபகத்துக்காக யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கே தெரியும். நீ சொல்லும்வரை பொறுத்திருப்போம் என்று அப்பாதான் சொன்னார். அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது என்று பார்த்திருந்தால் தெரியும்.

என்னிடமிருந்து வந்ததா என்று ஒரு மத்தியானம் முழுக்க நினைத்தேன். வந்திருக்கலாம். குட்டியின் காதும் சிரிப்பும்கூட என்னுடையவை என்று நீயே போன வருடம் எழுதினாய். அதற்கெல்லாம் நான் மறுப்புச் சொல்லவில்லை. இதற்கும் சொல்லப்போவதில்லை.

சரியாகச் சாப்பிடு. தெம்பு வேண்டும்.

அம்மா

*

ஜூலை 4

என் தவளைக்கும் குட்டித் தவளைக்கும்,

சௌகரியமாக வந்து சேர்ந்தோம். அங்கே எல்லாரும் நலமா? வழியில் அப்பா ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் மாவுக்கட்டு பராமரிப்பு பற்றி ஒரு பாடமே நடத்தினார். பாவம், அவர் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

வீடு காலியாகக் கிடக்கிறது. அங்கே உங்கள் சின்னச் சமையலறையில், குட்டியைத் தலையணைகளுக்கு நடுவே சாய்த்துவைத்து, நீ வாயில் ஊட்ட, அவள் துப்ப, நான் துடைக்க, கட்டுக்குள் பருக்கை போய்விட்டதா என்று உன் மாப்பிள்ளை டார்ச் அடித்துப் பார்க்க... அந்த நாட்கள் சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். உன் காலத்திலும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு தடவையும் முடிந்த பிறகு மனசு அங்கேயே சுற்றுகிறது. புரொஜெக்டர் அறையின் சூடு, ஆபரேட்டரின் பீடி வாசனை, ஜன்னல் வழியாக உன் முகத்தில் விழுந்து விழுந்து மாறுகிற வெளிச்சம். எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மாத முடிவில் கட்டைப் பிரிப்பார்கள் அல்லவா? உடனே எழுது. வெட்டுகிற மெஷின் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்து.

அம்மா

*

ஜூலை 30

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். அதை இந்தத் தடவை முழுசாகவே எழுதலாம். நேற்றுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, எலும்பு கிண்ணத்தில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் தூங்கும்போது மட்டும் ஒரு பட்டை போட வேண்டும். வருடா வருடம் பார்க்க வேண்டும். வளர்ந்து முடியும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

மெஷின் சத்தத்துக்கு அவள் அழவில்லை. நான் அவள் காதைப் பொத்தினேன், உன் மாப்பிள்ளை என் காதைப் பொத்தினார். கட்டு இரண்டாகத் திறந்ததும் உள்ளே அந்தச் சின்னக் கால்கள், மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையவோ போல இருந்தன. டிக்கெட் ஒன்றும் கொட்டவில்லை. ஒரு பட்டாணி மட்டும் இருந்தது. அது யார் வேலை என்று அப்பாவைக் கேள்.

வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்தேன். தண்ணீரைத் தட்டித் தட்டி என்னை நனைத்துவிட்டாள். குளியல் முடிந்து, இத்தனை நாள் பழக்கத்தில், இடுப்பை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டோடு தூக்குகிற பலத்திலேயே அவளைத் தூக்கினேன். பிள்ளை பறந்துவிட்டாள், அம்மா. என் தலைக்கு மேலே போய்விட்டாள். நான் அலறிவிட்டேன். அவள் மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு லேசான பிள்ளையையா நான் பெற்றேன் என்று நின்றேன். கீழே இறக்க மனமே வரவில்லை.

எனக்கு அத்தனையும் எழுதினாயே, இதை மட்டும் ஏன் எழுதவில்லை?

தவளை

*

ஆகஸ்ட் 8

என் கண்ணுக்கு,

படித்தோம். நாங்கள் நலம். அதைவிட அதிகமாகவே.

மறந்து விட்டுப்போனது இல்லை. அந்த ஒன்று மட்டும் யாரும் சொல்லாமல் உனக்கே கிடைக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

உனக்குக் கட்டுப் பிரித்த அன்றைக்கு உன்னைத் தூக்கியவர் அப்பா. என்னைவிட அவருக்குப் பலம் அதிகம். நீ போய் டியூப் லைட்டில் தலையை இடித்துக்கொண்டாய். நீ அழவில்லை. அவர்தான், உன்னை மேலேயே பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அழுதார்.

அம்மா